பின்னணி மங்காத படமும் கண் மங்கிய படமும்: அபர்ச்சர் சார்ந்த பிழைகளை அறிகுறி கண்டு நீக்குதல்

அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் திறப்பை, விரித்தால் பின்னணி மங்கும், சுருக்கினால் முன்னும் பின்னும் தெளிவாகும் என்பதைப் புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் படங்களில் பெரும்பாலானவை, இந்த ஒரே விதியை நம்பி எடுக்கப்பட்டு, எதிர்பார்த்தது வராமல் போனவை. விதியில் தவறில்லை. ஆனால் எடுக்கப்படுபவர் கேமராவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார், அவருக்கும் பின்னணிக்கும் எவ்வளவு இடைவெளி, லென்ஸின் குவிய நீளம் (50 மி.மீ., 85 மி.மீ. என்று லென்ஸில் எழுதியிருக்கும் அளவு) எவ்வளவு என்ற மூன்றும் அபர்ச்சருக்கு நிகரான வலிமை உடையவை. பல நேரங்களில் அதையும் மிஞ்சுபவை. ஒரே பிழைகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்கு உறுதிப்பட்ட செய்தி இதுதான்: அபர்ச்சர் எண்ணை (எஃப்/1.8, எஃப்/8 போன்றவை) மாற்றும் முன் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணங்கள் முதலிலும், பணம் கேட்கும் காரணங்கள் கடைசியிலும் வருகின்றன. புல ஆழம் என்று நான் குறிப்பிடுவது டெப்த் ஆஃப் ஃபீல்டை, அதாவது ஃபோகஸ் செய்த இடத்துக்கு முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் பட்டையின் அளவை. அளவுகள் எல்லாம், படத்தைப் பதிவுசெய்யும் முழுச் சட்டகச் (ஃபுல் ஃபிரேம்) சென்சாருக்கு 0.03 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 0.02 மி.மீ. வரையிலான மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்ற வழக்கமான அடிப்படையில் கணக்கிட்டவை. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஆழம் இவற்றைவிடக் குறைவாகவே தோன்றும்.

## எதற்கும் முன்: படத்தில் எங்காவது கூர்மை இருக்கிறதா?

படத்தைக் கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கி, முகத்தை மட்டும் பார்க்காமல், தரை, புல், துணியின் நெசவு, பின்னால் உள்ள சுவர் என்று முன்னிருந்து பின்னாக நகர்த்திக்கொண்டே பாருங்கள். விடை மூன்றில் ஒன்றாக இருக்கும். வேண்டிய இடம் கூர்மையாக இருந்து, கூர்மையான பட்டை மட்டும் நீங்கள் நினைத்ததைவிட அகலமாகவோ ஒடுங்கியோ இருந்தால், அது புல ஆழம் பற்றிய சிக்கல். வேண்டிய இடம் மங்கி, வேறோர் இடம் கூர்மையாக இருந்தால், அது ஃபோகஸ் சிக்கல்; அபர்ச்சர் அதை வெளிக்காட்டியது, அவ்வளவே. எங்குமே கூர்மை இல்லையென்றால் கைநடுக்கம், அளவுக்கு மீறிச் சுருக்கிய அபர்ச்சர், அழுக்கான லென்ஸ் ஆகிய மூன்றில் ஒன்று.

அடுத்து, கோப்புடன் பதிவாகியிருக்கும் தகவலைத் திறந்து அபர்ச்சர், ஷட்டர் வேகம் (ஒளி சென்சாரில் விழும் நேரம்), குவிய நீளம் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். "எஃப்/1.8-இல்தான் எடுத்தேன்" என்று உறுதியாகச் சொல்லப்பட்ட படங்கள் எஃப்/7.1-இல் பதிவாகியிருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நினைவை நம்பிப் பழுது தேடத் தொடங்கினால் முதல் அடியே தவறிவிடும்.

## அறிகுறி 1: பின்னணி மங்கவே இல்லை

கேமரா தானியங்கு முறையில் இருந்தது. பச்சை நிறத் தானியங்கு முறையிலும் பி முறையிலும் அபர்ச்சரைத் தேர்ந்தெடுப்பது கேமராதான். வெளிச்சம் நிறைந்த இடத்தில் அது பெரும்பாலும் எஃப்/8 பக்கம் போய்விடும். முறைத் தேர்வுச் சக்கரத்தை ஏ அல்லது ஏவி என்ற நிலைக்குக் கொண்டுவந்து, எண்ணை நீங்களே குறையுங்கள். எண் சிறிதானால் திறப்பு பெரிது என்பதைத் தலைகீழாக நினைவில் வைத்திருப்பவர்களும் உண்டு. அதையும் இங்கேயே சரிபார்த்துவிடலாம்.

பின்னணி மிக அருகில் இருந்தது. நான் காணும் படங்களில் இதுவே முதன்மையான காரணம். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எஃப்/1.8 அளவுள்ள 50 மி.மீ. லென்ஸில் திறப்பின் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ. (குவிய நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் இந்த விட்டம் கிடைக்கும்.) எடுக்கப்படுபவருக்குப் பின்னால் வெகுதொலைவில் ஒரு விளக்கு எரிந்தால், அந்த ஒளிப்புள்ளி படத்தில் ஒரு வட்டமாக விரியும்; அவருடைய முகத்துக்குப் பக்கத்தில் 28 மி.மீ. விட்டமுள்ள ஒரு நாணயத்தைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாக அந்த வட்டம் தெரியும். பின்னணி நெருங்க நெருங்க இந்த வட்டம் சுருங்குகிறது. அவர் கேமராவிலிருந்து 2 மீட்டரிலும், சுவர் 2.5 மீட்டரிலும் இருந்தால், வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கே மிஞ்சும். அதே சுவர் 10 மீட்டரில் இருந்தால் ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும். லென்ஸும் எண்ணும் மாறவில்லை. மங்கல் மட்டும் நான்கு மடங்காகிவிட்டது.

இதை ஒரு தண்ணீர்ப் புட்டியை வைத்தே சோதித்துவிடலாம். புட்டியைச் சுவரையொட்டி வைத்து ஒரு படம், சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் வைத்து ஒரு படம், நான்கு மீட்டர் முன்னால் வைத்து ஒரு படம் எடுங்கள். அபர்ச்சரையும், கேமராவுக்கும் புட்டிக்கும் இடையிலான தொலைவையும் மாற்றக் கூடாது. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் அதன் பிறகு ஆளைச் சுவரில் சாய்த்து நிறுத்துவதில்லை.

ஜூம் லென்ஸை அகலமான முனையில் வைத்திருந்தீர்கள். கேமராவுடன் வரும் 18–55 மி.மீ. லென்ஸில், 18 மி.மீ.-இல் எஃப்/3.5 கிடைக்கிறது, 55 மி.மீ.-இல் எஃப்/5.6 மட்டுமே கிடைக்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர், பெரிய திறப்பு வேண்டும் என்று 18 மி.மீ.-இலேயே நின்றுவிடுவார். ஆனால் விட்டத்தைக் கணக்கிட்டால் 18 மி.மீ.-இல் கிடைப்பது சுமார் 5 மி.மீ., 55 மி.மீ.-இல் கிடைப்பது சுமார் 10 மி.மீ. ஆக, ஜூமை முழுவதும் நீட்டி, முகம் சட்டத்தில் அதே அளவில் அமையும்வரை பின்வாங்கி நின்றால், தொலைவான பின்னணி ஏறத்தாழ இரு மடங்கு மங்கும்.

வெயிலில் திறந்ததும் படம் வெளுத்துவிட்டது, அதனால் மறுபடியும் சுருக்கிவிட்டீர்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/1.8 என்று வைத்தால் ஏறத்தாழ 1/8000 விநாடி ஷட்டர் தேவைப்படும். பல தொடக்கநிலைக் கேமராக்கள் 1/4000-உடன் நின்றுவிடும். நிழலுக்கு நகர்வது செலவில்லாத தீர்வு. அது முடியாதென்றால், ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி8 வடிகட்டி போதுமானது.

லென்ஸின் எல்லை அவ்வளவுதான். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் மங்கல் போதவில்லை என்றால் மட்டுமே புதிய லென்ஸைப் பற்றி எண்ண வேண்டும். எஃப்/1.8 அளவுள்ள 50 மி.மீ. லென்ஸ் பெரும்பாலான கேமரா வகைகளில் விலை குறைந்த லென்ஸ்களுள் ஒன்று. எனினும் 200 மி.மீ. வரை நீளும் சாதாரண ஜூம் லென்ஸ் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், எஃப்/5.6-இல் அதன் திறப்பு சுமார் 36 மி.மீ. பின்வாங்கி நிற்க இடமும், தொலைவான பின்னணியும் இருக்குமானால், அது அந்த 50 மி.மீ. லென்ஸைவிடவும் பின்னணியை அதிகமாகக் கரைக்கும்.

கைபேசியில் எடுத்தீர்கள். பெரும்பாலான கைபேசிகளில் அபர்ச்சர் மாறாதது. 2018-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்9 போன்ற சில மட்டுமே இரண்டு திறப்புகளுக்கு இடையே மாறும் வசதியோடு வந்தன. கைபேசி லென்ஸின் குவிய நீளம் சில மில்லிமீட்டர்தான், எஃப்/1.8 என்று எழுதியிருந்தாலும் உண்மையான திறப்பு மூன்று நான்கு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. உருவப்பட முறையில் தெரியும் மங்கல் மென்பொருள் வரைவது. முடியின் ஓரத்திலும் மூக்குக் கண்ணாடியின் விளிம்பிலும் வெட்டுப்பட்டதுபோல் தெரிவது அதனால்தான். அபர்ச்சரைப் பற்றிய எந்த அறிவும் அதைச் சரிசெய்யாது. பூவையோ சிறு பொருளையோ மிக நெருங்கி எடுத்தால் மட்டும் கைபேசியிலும் உண்மையான மங்கல் கிடைக்கும்.

## அறிகுறி 2: ஒரு கண் கூர்மை, மற்றொரு கண் மங்கல்

இது முதல் அறிகுறிக்கு நேர் எதிரானது. பெரிய திறப்புள்ள லென்ஸை வாங்கியவர்கள் அடுத்த மாதமே கொண்டுவருவது. இங்கே எதுவும் பழுதாகவில்லை. முழுச் சட்டகக் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து 2 மீட்டர் தொலைவிலிருந்து முகத்தை எடுத்தால் மொத்தப் புல ஆழம் 5.7 செ.மீ. மட்டுமே, அதாவது ஃபோகஸ் செய்த இடத்துக்கு முன்னால் மூன்று செ.மீ.-க்கும் குறைவு, பின்னாலும் அவ்வாறே. வயது வந்தவரின் இரு கண்மணிகளுக்கும் இடையே ஆறு செ.மீ.-க்குச் சற்று மேல் இருக்கும். அவர் கேமராவை நேராகப் பார்த்தால் இரு கண்களும் ஒரே தளத்தில் இருக்கும். முகத்தைப் பாதிப் பக்கவாட்டில், ஏறத்தாழ 45 பாகை திருப்பினால், ஒரு கண் மற்றதைவிட நாலரை செ.மீ. பின்னால் போய்விடும். மூன்று செ.மீ. இடத்துக்குள் நாலரை செ.மீ. அடங்காது.

முதல் தீர்வு முகத்தை நேராகத் திருப்பச் சொல்வது. இரண்டாவது, அரை மீட்டர் பின்வாங்கி, பிறகு படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்வது. மூன்றாவதாகத்தான் அபர்ச்சரைத் தொட வேண்டும்: அதே இடத்திலிருந்து எஃப்/4-க்குச் சுருக்கினால் ஆழம் 12.7 செ.மீ. ஆகிறது, திரும்பிய முகத்தின் இரு கண்களும் உள்ளே வந்துவிடுகின்றன. பின்னணி இடைவெளியை முதல் அறிகுறியில் சொன்னபடி அமைத்திருந்தால், எஃப்/4-இலும் பின்புலம் போதுமான அளவு கரைந்தே இருக்கும். பெரிய திறப்புக்குப் பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக எல்லா முகங்களையும் எஃப்/1.8-இல் எடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

## அறிகுறி 3: கண்கள் மங்கி, காதோ சட்டைப் பொத்தானோ கூர்மையாக இருக்கிறது

ஃபோகஸ் புள்ளியைக் கேமரா தேர்ந்தெடுத்தது. முழுப் பரப்பையும் கேமராவிடம் விட்டால், அது பெரும்பாலும் அருகில் உள்ளதையோ மாறுபாடு மிகுந்ததையோ பிடிக்கும். மூக்கு நுனியும் கோடு போட்ட சட்டையும் அவ்வாறு மாட்டிக்கொள்பவை. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதைக் கண்ணின் மேல் வையுங்கள். கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவைத் திருப்பினீர்கள். பழைய பழக்கம் இது. சிறிய அபர்ச்சரில் தீங்கில்லாதது, பெரிய அபர்ச்சரில் படத்தைக் கெடுப்பது. 1.5 மீட்டர் தொலைவில் கண்ணில் ஃபோகஸைப் பூட்டி, கேமராவை 15 பாகை திருப்பினால், கூர்மைத் தளம் கண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ 5 செ.மீ. நகர்ந்துவிடும். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து அதே தொலைவில் எடுத்தால் மொத்த ஆழமே 6.3 செ.மீ. கண் வெளியே தள்ளப்பட்டு, காது கூர்மையாகிவிடும். ஃபோகஸ் புள்ளியை நகர்த்துங்கள், கேமராவை நகர்த்தாதீர்கள்.

இடையில் யாரோ அசைந்தார்கள். பொத்தானைப் பாதி அழுத்திவிட்டு ஒரு நொடி காத்திருக்கும்போது, நின்றுகொண்டிருக்கும் மனிதர் முன்னும் பின்னும் சில செ.மீ. அசைவது இயல்பு, கேமரா பிடித்திருப்பவரும் அசைகிறார். தொடர் ஃபோகஸ் முறைக்கு மாற்றி, மூன்று நான்கு படங்களை அடுத்தடுத்து எடுங்கள். அவற்றில் தவறு ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பின்னாலும் விழுந்தால் காரணம் அசைவுதான்.

தவறு எப்போதும் ஒரே திசையில் விழுகிறது. உள்ளே ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடியுடன் கூடிய டிஎஸ்எல்ஆர் கேமராவில், வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஃபோகஸ் செய்யும் உணரி வேறு, படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் வேறு. இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்க இடமுண்டு. சோதிக்க, கேமராவை முக்காலியில் ஏற்றி, நேராக நிற்கும் ஓர் அட்டைப் பெட்டியின் பக்கத்தில் ஓர் அளவுகோலை 45 பாகை சாய்த்து வையுங்கள். அளவுகோலின் நடுக்கோடு பெட்டியின் முகப்புக்கு நேராக இருக்கட்டும். அபர்ச்சரை முழுவதும் திறந்து, பெட்டியில் ஃபோகஸ் செய்து, வ்யூஃபைண்டர் வழியாகப் பத்துப் படங்களும், லைவ் வ்யூ (கேமராவின் பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) வழியாகப் பத்துப் படங்களும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் ஃபோகஸைக் கையால் கலைத்துவிட வேண்டும். லைவ் வ்யூ படங்கள் சரியாக இருந்து, மற்றவை தொடர்ந்து முன்னாலேயே அல்லது தொடர்ந்து பின்னாலேயே விழுந்தால், கேமராவின் ஃபோகஸ் நுண்திருத்தப் பட்டியலில் அந்த லென்ஸுக்கான அளவைச் சிறிது சிறிதாக மாற்றிச் சரிசெய்யலாம். அந்தப் பட்டியல் இல்லாத கேமராவாக இருந்தாலோ, திருத்தத்தின் கடைசி எண்ணுக்குப் போன பிறகும் தீரவில்லை என்றாலோ, கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே பழுதுநீக்குநரிடம் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் அவரால் பொருத்தம் பார்க்க இயலாது. கண்ணாடியில்லாக் கேமராக்களில் சென்சாரே ஃபோகஸைக் கணிப்பதால் இந்தப் பிழை அரிது.

முழுத் திறப்பில் சரி, எஃப்/2.8 அல்லது எஃப்/4-இல் மட்டும் தவறு. பெரிய திறப்புள்ள சில லென்ஸ்களில் அபர்ச்சர் சுருங்கும்போது கூர்மைத் தளம் சற்றே நகரும். அது லென்ஸின் வடிவமைப்பு. சர்வீஸில் கொடுத்துப் பயனில்லை. எடுக்கப்போகும் அபர்ச்சருக்கே லென்ஸைச் சுருக்கி, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் ஃபோகஸ் செய்வதே வழி.

## அறிகுறி 4: குழுப் படத்தில் பின்வரிசை மங்கல்

ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், 4 மீட்டர் தொலைவு, எஃப்/1.8 என்றால், ஃபோகஸ் செய்தவருக்கு முன்னால் 42 செ.மீ.-உம் பின்னால் 53 செ.மீ.-உம் கூர்மையாக இருக்கும். நாற்காலியில் அமர்ந்தவர்களுக்குப் பின்னால் நிற்பவர் எளிதில் 70, 80 செ.மீ. தள்ளி நிற்பார். எஃப்/5.6-க்குச் சுருக்கினால் முன்னால் ஒரு மீட்டரும் பின்னால் இரண்டு மீட்டருக்கு மேலும் கிடைக்கும்.

ஆனால் அதற்கு முன்பாகவே வரிசைகளை நெருக்குங்கள். பின்வரிசையில் நிற்பவர்கள் நாற்காலியின் முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும். வரிசையின் இரு முனைகளிலும் இருப்பவர்களைக் கேமராவை நோக்கி வளைத்து நிறுத்துவதும் தேவையற்றது. கூர்மைத் தளம் வில் போன்றதன்று, சுவர் போன்றது. நேர்வரிசையில் நின்றால்தான் எல்லோரும் அதற்குள் வருவார்கள். இரண்டு வரிசையானால் முன்வரிசையில் ஒருவரின் கண்ணிலும், மூன்று வரிசையானால் நடுவரிசையிலும் ஃபோகஸ் செய்யுங்கள்.

எஃப்/1.8-இலிருந்து எஃப்/5.6-க்குப் போனால் ஒளி ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடும். அதை ஷட்டரைத் தாமதப்படுத்தி ஈடுகட்டினால் மக்கள் அசைந்து மங்குவார்கள், ஐஎஸ்ஓவை உயர்த்துங்கள். மணல்மணலாகத் தெரியும் கூர்மையான முகத்தை மென்பொருளில் சீர்செய்யலாம். மங்கிய முகத்தை மீட்க முடியாது.

எல்லோரும் ஒரே தளத்தில் நின்றும், இடமுனையில் இருப்பவர் மட்டும் எப்போதும் மங்கலாக வருகிறாரா? ஒரு செங்கல் சுவருக்கு நேர் எதிரே முக்காலியை நிறுத்தி, எஃப்/5.6-இல் எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு, எஃப்/8-இல் குறையும். ஒரு பக்கம் மட்டும் மென்மையாக இருந்தால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடியும் எடுங்கள். மங்கல் சுவரின் அதே பக்கத்தில் நின்றால் நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை. சட்டத்தின் அதே பக்கத்தோடு கூடவே திரும்பினால் லென்ஸின் உள்கண்ணாடி ஒன்று அச்சிலிருந்து விலகியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் இது வரும். இது தொழில்முறைப் பழுதுநீக்குநரின் வேலை.

## அறிகுறி 5: நிலக்காட்சியில் எஃப்/22 வைத்தும் கூர்மை இல்லை

எண் பெரிதாகப் பெரிதாகக் கூர்மை கூடும் என்ற எதிர்பார்ப்பு ஓர் எல்லைக்குப் பின் பொய்த்துப்போகிறது. மிகச் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டாகப் பதிகிறது. பச்சை ஒளியில் அதன் விட்டம் எஃப்/8-இல் 0.011 மி.மீ., எஃப்/22-இல் ஏறத்தாழ 0.03 மி.மீ. புல ஆழத்துக்கு நாம் ஏற்றுக்கொண்ட மங்கலின் எல்லையே 0.03 மி.மீ. என்பதால், எஃப்/22-இல் படம் முழுவதும் அந்த எல்லையில் வந்து நிற்கிறது. நான் முழுச் சட்டகத்தில் எஃப்/11-ஐயும், ஏபிஎஸ்-சியில் எஃப்/8-ஐயும் வழக்கமான எல்லையாக வைத்திருக்கிறேன். எஃப்/16-க்குப் போவது வேறு வழியே இல்லாதபோதுதான்.

எஃப்/11-இல் தொலைவு தெளிந்து, காலடியில் உள்ள பாறை மங்கினால், நீங்கள் அடிவானத்தில் ஃபோகஸ் செய்திருக்கிறீர்கள். முழுச் சட்டகத்தில் 24 மி.மீ. லென்ஸை எஃப்/11-இல் வைத்து, சுமார் 1.8 மீட்டர் தொலைவில் உள்ள ஒன்றில் ஃபோகஸ் செய்தால், 0.9 மீட்டரிலிருந்து அடிவானம்வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். ஏபிஎஸ்-சியில் 18 மி.மீ., எஃப்/8 என்றால் 2 மீட்டரில் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஒரு மீட்டரிலிருந்து எல்லாம் தெளிவாகும். தொலைவில் உள்ள மலைதான் படத்தின் உயிர் என்றால், ஃபோகஸை இந்த அளவைவிடச் சற்றுத் தள்ளியே வையுங்கள். பெரிய அச்சில் பார்க்கும்போது எல்லையில் நிற்கும் கூர்மை மலைக்குப் போதாது.

## அறிகுறி 6: அபர்ச்சரைச் சுருக்கியதும் எல்லாமே மங்கியது

ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். எஃப்/4-இல் 1/250 விநாடியாக இருந்தது எஃப்/16-இல் 1/15 ஆகிவிடும். கையில் பிடித்து எடுத்த படத்தில் ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் சிறு கோடுகளாக நீண்டிருந்தால் அது கைநடுக்கம். முக்காலியில் வைத்து, இரண்டு விநாடி டைமரில் அதே அமைப்பில் எடுத்துப் பாருங்கள். கூர்மை திரும்பினால் விசாரணை முடிந்தது.

முக்காலியிலும், எஃப்/5.6-இலும், வெண்புகை படர்ந்ததுபோலவே வந்தால் லென்ஸைக் கழற்றுங்கள். முன்கண்ணாடியில் விரல் ரேகை இருந்தால் நுண்ணிழைத் துணி போதும். இருட்டறையில் ஒரு கைவிளக்கைப் பின்பக்கத்திலிருந்து பாய்ச்சிப் பார்க்கும்போது உள்ளே சிலந்தி வலைபோன்ற கிளைகளோ பால்போன்ற படலமோ தெரிந்தால், அது பூஞ்சை அல்லது உள்மங்கல். அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களிலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டுப் பழுதுநீக்குநரிடம் கொண்டுபோகலாம். வீட்டில் பிரிக்கக் கூடாது.

## அறிகுறி 7: சுருக்கும்போது மட்டும் வானத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள்

இவை எஃப்/2.8-இல் காணாமல் போய், எஃப்/16-இல் அதே இடங்களில் மறுபடி தோன்றினால், சென்சாரின் மேல் தூசி படிந்திருக்கிறது. வெள்ளைச் சுவரை எஃப்/22-இல், ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுத்தால் எண்ணிவிடலாம். முதலில் கேமராவின் தானியங்கு சுத்திகரிப்பு. அடுத்து, வாய்ப்பகுதி தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ரப்பர் ஊதுகுழலால் ஊதுவது. அழுத்தக் காற்றுக் குப்பியும் வாயால் ஊதுவதும் கூடவே கூடாது. அதற்கும் போகாத புள்ளி ஒட்டிய தூசி. ஈரச் சுத்திகரிப்பைப் பழகியவர் கையில் விடுவது நல்லது.

## அறிகுறி 8: வ்யூஃபைண்டரில் பார்த்தது ஒன்று, படத்தில் வந்தது வேறொன்று

டிஎஸ்எல்ஆரில் நீங்கள் எஃப்/11 என்று அமைத்தாலும், படம் எடுக்கும் கணம்வரை லென்ஸ் முழுத் திறப்பிலேயே இருக்கும். ஆகவே வ்யூஃபைண்டரில் மங்கலாகத் தெரிந்த பின்னணிக் கம்பம் படத்தில் தெளிவாக வந்து, தலைக்கு மேல் முளைத்து நிற்கும். லென்ஸ் பொருந்தும் இடத்துக்கு அருகில் உள்ள புல ஆழ முன்னோட்டப் பொத்தானை அழுத்தினால் அபர்ச்சரின் இதழ்கள் (திறப்பைச் சுருக்கும் மெல்லிய தகடுகள்) சுருங்கி, காட்சி இருண்டாலும் உண்மையான ஆழம் தெரியும். அது இல்லையென்றால் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

## அறிகுறி 9: மிக நெருங்கி எடுக்கும்போது எந்த எண்ணிலும் ஆழம் போதவில்லை

உயிரளவு உருப்பெருக்கத்தில் (பொருளும் சென்சாரில் விழும் பிம்பமும் ஒரே அளவு) எஃப்/8-இல் கிடைக்கும் ஆழம் முழுச் சட்டகத்தில் ஒரு மில்லிமீட்டர்தான், எஃப்/16-இல் இரண்டு. அந்த நெருக்கத்தில் எஃப்/16 என்பது துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் வரும் மங்கலைப் பொறுத்தவரை எஃப்/32-க்கு ஒப்பாக நடந்துகொள்ளும் என்பதால் மேலும் சுருக்குவது தீர்வாகாது. பொருளின் நீண்ட பக்கம் சென்சாருக்கு இணையாக இருக்குமாறு கேமராவைத் திருப்புங்கள். பட்டாம்பூச்சியின் விரிந்த இறகை நேர் எதிரிலிருந்து எடுத்தால் ஒரு மில்லிமீட்டரும் போதும். அசையாத பொருளென்றால், ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்கிச் சேர்க்கலாம்.

## அறிகுறி 10: எண்ணை மாற்றினாலும் படம் மாறவில்லை

திரையில் எண்ணே வராமல் எஃப்00 என்று தெரிந்தால், கேமராவுக்கும் லென்ஸுக்கும் தொடர்பில்லை. லென்ஸைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, சொடுக்கென்ற ஒலி கேட்கும்வரை திருப்பிப் பொருத்துங்கள். நிக்கான் கேமராவில் எஃப்இஇ என்று வந்தால், பழைய லென்ஸின் அபர்ச்சர் வளையம் அதன் மிகப் பெரிய எண்ணில் பூட்டப்படவில்லை என்று பொருள். வளையத்தைத் திருப்பிப் பூட்டினால் போதும்.

எண் சரியாக மாறியும் படம் மாறவில்லை என்றால், கேமராவை எம் (எல்லாவற்றையும் நீங்களே அமைக்கும்) முறையில், ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் நிலைநிறுத்தி, ஒரே சுவரை எஃப்/4, 5.6, 8, 11, 16 என்று ஐந்து படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பாதி வெளிச்சமாக வர வேண்டும். ஐந்தும் ஒரே வெளிச்சத்தில் வந்தால் இதழ்கள் திறந்த நிலையில் சிக்கியிருக்கின்றன. முழுத் திறப்பில் மட்டும் வேலை செய்து, சுருக்கியதும் பிழைச் செய்தி வந்தாலும் அதே ஐயம்தான். எஃப்/11, 16 படங்கள் ஒருமுறை சரியாகவும் ஒருமுறை அதிக வெளிச்சமாகவும் வந்தால், இதழ்களில் எண்ணெய் படர்ந்து அவை தாமதமாக நகர்கின்றன. வேறொரு லென்ஸை மாட்டி அதே ஐந்து படங்களை எடுத்து, குறை லென்ஸிலா கேமராவிலா என்று பிரித்தறியுங்கள்.

இதற்கு மேல் கை வைக்கக் கூடாது. இதழ்கள் மெல்லிய தகடுகள். விரலாலோ பஞ்சாலோ தள்ளினால் ஒன்று வளைந்தாலும் முழுத் தொகுதியையும் மாற்ற நேரும். பழுதுநீக்குநரிடம் போகும்போது அந்த ஐந்து படங்களைத் திருத்தாத மூலக் கோப்புகளாகவே நினைவட்டையில் கொண்டுபோங்கள். எந்த எண்ணில் தொடங்கிக் குறை தெரிகிறது என்பதை அவர் பார்த்த உடனே, பிரிக்க வேண்டியது எதை என்று முடிவு செய்துவிடுவார். பழுதுக்கான மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு, அதே லென்ஸ் பழையதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று ஒப்பிட்ட பின்னரே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.